இடுப்புள்ள மரங்கள்

பருப்புக் கடையும் மத்தைக் கழுவித் துடைத்து, அதன் தட்டையான அடி தரையில் படும்படி நிறுத்திப் பாருங்கள். கீழே அகன்ற பாவாடை. அதற்கு மேல் மெலிந்து நீண்ட உடம்பு. கை வழுக்காமல் இருப்பதற்காகக் கடைசல்காரர் உச்சியில் விட்ட குமிழ், தலை. நடுவே சும்மா அழகுக்கு இழுத்த வளையக் கோடுகளில் ஒன்று கழுத்தணியாகவும் ஒன்று ஒட்டியாணமாகவும் தாமே அமைந்துவிடுகின்றன. கண்ணுக்கு இரண்டு புள்ளி வைத்து, இடுப்பில் ஒரு துணியைச் சுற்றினால் வேலை முடிந்தது. செய்தவர் பெருமையடித்துக்கொள்ள அதில் அதிகம் இல்லை. பொம்மையில் முக்கால் பங்கு சமையலறையிலேயே முடிந்திருக்கிறது.

வீட்டு மரச்சாமான்களைப் பொம்மையாக்குகிறவர்களின் கைவேலையில் எனக்குப் பிடித்தது இந்த முக்கால் பங்குதான். வெட்டுவதற்கும் ஒட்டுவதற்கும் முன்னால் அவர்கள் ஒரு சாமானை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். தேடுவது இடுப்பை. கழுத்து கிடைத்தாலும் போதும். ஒரு மரத்துண்டில் எங்கேயாவது ஒரு பள்ளமோ குறுகலோ இருந்துவிட்டால், அதற்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக உடம்பு பிரிந்து ஆள்சாயல் வந்துவிடும். அந்தக் குறுகல்களில் பெரும்பாலானவை அலங்காரத்துக்கு வந்தவை அல்ல. கயிறு நழுவாதிருக்க, நூல் சரியாதிருக்க, விரல் பிடிக்க, சூடு கையை எட்டாதிருக்க என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. மனிதக் கைக்கென்று செய்த சாமானில் மனித உடம்பின் கணக்கும் கொஞ்சம் ஏறிவிடுகிறது.

தயிர் மத்தில் இது இன்னும் தெளிவு. கொச்சிப் பக்கம் கடகோல் என்பார்கள். தூணோடு சேர்த்து நிறுத்தி, கயிற்றைச் சுற்றி இழுத்துக் கடைந்த பெரிய மத்துகளில் கயிறு ஓடிய இடம் பல காலம் உராய்ந்து மெலிந்திருக்கும். கடைசல்காரர் கொடுக்காத இடுப்பை வெண்ணெய் எடுத்தவர்கள் கொடுத்திருக்கிறார்கள். அடியிலுள்ள வெட்டுகள் மோரை அலைக்க வந்தவை. நிறுத்திப் பார்த்தால் கொசுவம். இப்படி ஒரு பழைய மத்து கையில் கிடைத்தால் அதில் கண் வரைவதற்குக்கூட எனக்கு மனம் வராது. வரைந்தால் கெட்டுப்போகும்.

நான் இருக்கும் கொச்சித் தோப்பும்படி, மரத்தைவிட மீனுக்குப் பேர்போன இடம். வில்லிங்டன் தீவுக்குப் போகும் பழைய துறைமுகப் பாலம் இங்கேதான் தொடங்குகிறது. கப்பல் போகும்போது நடுப்பகுதியைத் தூக்கித் திறப்பதற்கென்று கட்டிய பாலம். பக்கத்திலேயே மீன்பிடித் துறைமுகம். கன்னியாகுமரிக் கரையிலிருந்து வந்து இங்கே தங்கித் தொழில் செய்யும் மீனவர்களால், விடியற்காலையில் அங்கே மலையாளத்துக்குச் சமமாகத் தமிழும் ஒலிக்கும். சந்திப்பைச் சுற்றியுள்ள பாத்திரக் கடைகளில் பிளாஸ்டிக்கும் எவர்சில்வரும் முன்வரிசையில் இருக்கின்றன. மரச்சாமான்கள் உள்ளே ஏதாவது ஒரு மூலையில். பருப்பு மத்து, பூரிக்கட்டை, தோசை திருப்பும் மரக்கரண்டி, சிரட்டைத் தவி என்னும் அகப்பை. துணிக்குப் போடும் மரக் கிளிப் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

அந்த மரக் கிளிப்பைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். கிளிப் பொம்மைகளுக்கு உலகம் முழுக்க ஒரு நீண்ட சொந்தபந்தம் உண்டு. பழைய ஐரோப்பியக் கிளிப்பில் ஸ்பிரிங் கிடையாது. ஒரே மரத்துண்டு, கீழ்ப்பாதியை நடுவில் பிளந்து, மேலே கட்டைவிரலால் அழுத்துவதற்கு ஒரு உருண்டை. பிளவு இரண்டு கால், உருண்டை தலை. இதில் கற்பனைக்கே வேலையில்லை. எந்தக் குழந்தையும் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடும். ஸ்பிரிங் வைத்த கிளிப்புக்கு 1853-ல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த டேவிட் ஸ்மித் காப்புரிமை வாங்கினார். அதன் பிறகு கிளிப்பின் உருவம் மாறிப்போய், தலையும் காலும் மறைந்தன. பொம்மை செய்கிறவர்களுக்கு இது நஷ்டம் என்றுதான் முதலில் தோன்றும்.

நஷ்டமே இல்லை. ஸ்பிரிங்கை மெல்லக் கழற்றினால் இரண்டு மரப் பட்டைகள் கிடைக்கும். கொடிக் கயிற்றைக் கவ்வுவதற்காக ஒரு நுனிக்குக் கொஞ்சம் உள்ளே அரைவட்டப் பள்ளம். அதற்கும் கீழே, ஸ்பிரிங்கின் சுருள் உட்கார இன்னொரு பள்ளம். அங்கிருந்து அடிவரை சரிந்து ஒல்லியாகும் வால். இந்த இரண்டு பட்டைகளையும் உள்பக்கம் வெளியே தெரியும்படி, முதுகோடு முதுகு சேர்த்து ஒட்டுங்கள். கயிறு இருந்த பள்ளம் இருபுறமும் சேர்ந்து கழுத்தாகிறது. ஸ்பிரிங் இருந்த பள்ளம் இடுப்பாகிறது. நுனி தலை, சரிந்த வால் கால். பள்ளங்களுக்கு இடையே மிஞ்சிய மேட்டில் தோளும் மார்பும். கயிறும் கம்பியும் விட்டுப்போன இடத்தில் ஓர் ஆள் நிற்கிறார்! தெரிந்தே இப்படி வடிவமைத்திருந்தாலும் இத்தனை பொருத்தமாக வந்திருக்காது. கிளிப்பை வடிவமைத்தவர்கள் நினைத்தது ஈரத் துணியைப் பற்றி மட்டும்தான்.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், எங்கள் பக்கத்தில் துணி துவைப்பதையே தொழிலாகக் கொண்ட தமிழர்களுக்குக் கிளிப்பே வேண்டாம். தோப்பும்படியிலிருந்து பஸ்ஸில் சிறிது தூரம் போனால் ஃபோர்ட் கொச்சியின் டோபி கானா. தமிழ் வண்ணார் குடும்பங்கள் தலைமுறைகளாக அங்கே துவைக்கிறார்கள். டச்சுக்காரர்கள் தங்கள் சிப்பாய்களின் உடுப்பு வெளுக்க அவர்களுடைய முன்னோரை அழைத்து வந்ததாகச் சொல்வார்கள். இப்போதுள்ள கட்டடம் 1976-ல் வந்தது. தனித்தனித் துவைக்கும் இடங்கள், கஞ்சித் தொட்டி, சிரட்டைக் கரி போட்ட கனத்த இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றையும் தாண்டி வெளியே போனால் உலர்த்தும் களம். வரிசை வரிசையாகக் கயிறு, கயிறு முழுக்க வெள்ளைத் துணி, ஒரு கிளிப்கூட இல்லை. இரண்டு கயிறுகளைச் சேர்த்து முறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். முறுக்கின் இடுக்கை விரலால் விலக்கித் துணியின் முனையை உள்ளே செருகிவிட்டால் காற்று இழுக்க இழுக்கக் கயிறு இறுகிப் பிடித்துக்கொள்ளும். எடுக்கும்போது லேசாக விலக்கினால் வந்துவிடும். துணியில் கிளிப் கடித்த தடம் விழாது. ஸ்பிரிங் துருப்பிடித்து வெள்ளை வேட்டியில் கறை ஏறாது. கிளிப் செய்கிற வேலையைக் கயிற்றின் முறுக்கே செய்துவிடுகிறது.

ஆகவே கொச்சியில் கிளிப்புக்கு ஓய்வு நேரம் அதிகம், பொம்மையாகட்டும் என்று நான் சமாதானம் செய்துகொள்வேன். ஆனால் டோபி கானாவிலிருந்து பொம்மைக்கு இரண்டு பாடம் கிடைக்கிறது. ஒன்று கஞ்சி, இன்னொன்று பழந்துணி.

முதலில் கஞ்சி. வெறும் மரத்தில் மையால் கண் வைத்தால் புள்ளி புள்ளியாக நிற்காது. மரத்தின் நார்வழியே மை கசிந்து ஓடிக் கண்ணீர் வடிந்ததாகத் தெரியும். கிளிப் மரத்தில் நார் மேலிருந்து கீழாக ஓடுவதால் கண்ணீர் நேராகக் கன்னத்தில் இறங்கும். வடித்த கஞ்சியை மெல்லிசாக ஒரு முறை முகத்தில் தடவி, காய்ந்த பிறகு நைஸான உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் நார்களின் வாய் அடைந்துவிடும். அதன் மேல் வைத்த புள்ளி, வைத்த இடத்தில் வைத்தபடி நிற்கும். வண்ணார் கஞ்சி துணிக்கு விறைப்புக் கொடுக்கிறது. மரத்தில் அதே கஞ்சி முகத்துக்குத் தெளிவு கொடுக்கிறது.

அந்தப் புள்ளியைப் பற்றியே ஒரு பக்கம் எழுதலாம். தூரிகை வேண்டாம். குண்டூசியின் கொண்டையை மையில் தொட்டு ஒரே முறை ஒற்றினால் முழு வட்டம் விழும். எங்கே ஒற்றுவது என்பதில்தான் பொம்மையின் வயது இருக்கிறது. தலையின் நடுக்கோட்டில் வைத்தால் பெரியவள். கோட்டுக்குக் கீழே இறக்கினால் நெற்றி அகன்று குழந்தை. ஒரு நூலளவு மேலே ஏற்றினால் எதையோ கேட்டுத் திடுக்கிட்டவள். இரண்டு கண்ணுக்கும் இடைவெளி கூடினால் அப்பாவி, குறைந்தால் கணக்குப்பிள்ளை. ஐந்தாறு கிளிப்பை வரிசையாக நிறுத்தி இந்தப் புள்ளிகளை மட்டும் மாற்றி மாற்றி வைத்தால் ஒரு குடும்பமே வந்துவிடும். வாய் வரைவதை நான் ஏற்பதில்லை. சிவப்பு வளைவு ஒன்று போட்டுவிட்டால் பொம்மை ஆயுள் முழுக்கச் சிரித்தே தீர வேண்டும். வாய் இல்லாதவள் வைத்திருக்கும் குழந்தையின் மனநிலைக்கேற்பச் சிரிப்பாள், கோபித்துக்கொள்வாள்.

ஜப்பானியர்கள் இந்த விட்டுவிடும் கலையில் கெட்டிக்காரர்கள். தோஹோகு வட்டாரத்தின் வெந்நீர் ஊற்று ஊர்களில் கிண்ணமும் தட்டும் கடைந்து விற்ற தச்சர்கள், குளிக்க வந்தவர்கள் வாங்கிப்போகக் கடைந்து கொடுத்தது கொகேஷி. உருளை ஓர் உடம்பு, உருண்டை ஒரு தலை. கையும் இல்லை, காலும் இல்லை. கண் ஒரு கீற்று. நருகோ என்ற ஊரின் கொகேஷிக்குத் தலையைத் திருப்பினால் கிறீச்சென்று ஒரு சத்தம் வரும். தலையைக் கழுத்துக் குழியில் இறுகப் பொருத்தும் முறையால் வரும் சத்தம் அது. கையைச் செய்யாமல் விட்டுவிட்டு, குரலைக் கொடுத்திருக்கிறார்கள்.

துணி விஷயத்துக்கு வருகிறேன். கிளிப்பின் உயரம் நான்கு அங்குலத்துக்குள். அந்த அளவு உடம்பில் புதுத்துணி நிற்கவே நிற்காது. விறைத்துக்கொண்டு அட்டையாக நீட்டும், மடிப்பு விழாது. எட்டு முழ வேட்டியைக் கிழியும் வரை உடுத்தி, நூறு முறை துவைத்து, கஞ்சி ஏறி இறங்கி இழை தளர்ந்த பிறகு கிழித்த துண்டுதான் அந்த உடம்பில் வழிந்து இறங்கும். கேரளத்துக் கசவு முண்டின் கரை இதற்கென்றே நெய்ததோ என்று தோன்றும். மெல்லிய பொன்கரையை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டினால் பொம்மைக்கு முழுப் புடவை. நமக்கு ஓரமாக இருந்தது அவளுக்கு உடம்பு நிறைந்த பட்டு. அச்சுத் துணி எடுத்தால் பூ கடுகளவுதான் இருக்க வேண்டும். பெரிய பூ ஒன்று விழுந்தால் பொம்மை திரைச்சீலையைப் போர்த்திக்கொண்டவளாகிவிடுவாள். தேங்காய் நாரின் ஒற்றை இழைகளைப் பிரித்து எடுத்துத் தலைமுடி வைப்பவர்கள் உண்டு. அந்தச் செம்பட்டை நிறம் கடலோரக் குழந்தைகளின் வெயிலில் வெளிறிய முடிக்கு அவ்வளவு கிட்ட வருகிறது.

சின்ன பொம்மைக்கு உடுத்துவதில் பைத்தியமாக இருந்தவர்களில் அரச வீட்டுப் பெண்ணும் உண்டு. பின்னாளில் விக்டோரியா மகாராணியான சிறுமி, 1830-களின் தொடக்கத்தில், தன்னுடைய ஆசிரியை லேசனோடு சேர்ந்து 132 மரப்பொம்மைகளுக்கு உடை தைத்தாள். அவற்றில் 32 அவளே உடுத்திவிட்டவை. ஆல்ப்ஸ் மலைப்பள்ளத்தாக்கு ஊர்களில் கிராமத்தார் செதுக்கி மலிவாக விற்ற பொம்மைகள். பெரும்பாலும் ஒரு சாண் உயரம்கூட இல்லை. நாடக நடிகைகளாகவும் நாட்டியக்காரிகளாகவும் அவற்றை ஆக்கியிருக்கிறாள். உடல் எல்லாம் ஒன்றே, உடை மட்டும் வேறு. இஷ்டப்படி ஓடியாட விடாமல் வளர்த்த குழந்தை என்பதையும் சேர்த்து நினைத்தால் அந்தத் தையல்களின் நேர்த்திக்குக் காரணம் புரிகிறது.

நம் வீடுகளில் உடுத்தக் காத்திருக்கும் மர உடம்பு மரப்பாச்சி. எங்கள் பக்கத்து மட்டாஞ்சேரியிலும் நவராத்திரிக்குக் கொலு வைக்கும் தமிழ் வீடுகளில், பளபளக்கும் களிமண் தெய்வங்களுக்கு மேலே, மேல்படியில் கருஞ்சிவப்பாக ஜோடியாய் நிற்பவர்கள் அவர்கள்தான். பெரும்பாலும் ஒருவருடைய கல்யாணத்தோடு திருப்பதியிலிருந்து வந்தவர்களாக இருப்பார்கள். சேஷாசலம் மலைகளின் செம்மரம். இன்று அந்த மரத்தை வெட்டவும் விற்கவும் கடுமையான கட்டுப்பாடு இருப்பதால் பழைய ஜோடியின் மதிப்பு வேறு. நல்ல மரப்பாச்சியைக் கையில் எடுத்தால் முதலில் தெரிவது கனம். அளவுக்கு மீறிய கனம். கை உடம்போடு ஒட்டியிருக்கும். உளி ஒரு கோடு கிழித்துவிட்டு நகர்ந்திருக்கும். முகம் ஆழமில்லாத நான்கைந்து வெட்டு. இடுப்பு இருக்கிறது, ஆனால் அதிகம் இல்லை. துணி கட்டினால் நழுவாத அளவுக்குத்தான்.

இந்தச் சிக்கனத்துக்கும் காரணம் உண்டு. மரப்பாச்சி வெறும் பொம்மை அல்ல, வீட்டுச் சாமானும்கூட. பல் முளைக்கும் குழந்தை அதைக் கடிக்கும். துருத்திய மூக்கோ விரலோ இருந்தால் வாயில் குத்தும். சின்ன உபாதைகளுக்கு அதைக் கல்லில் உரைத்துக் கொடுத்த வீடுகள் உண்டு. உரைத்து உரைத்துப் பாதம் தேய்ந்து, ஜோடியில் ஒருவர் குட்டையாகிப்போன மரப்பாச்சிகளைப் பார்த்திருக்கிறேன். மத்து சாமானாகப் பிறந்து பொம்மையாகிறது; மரப்பாச்சி பொம்மையாகப் பிறந்து சாமானாக உழைத்திருக்கிறது. கொலுவில் அவர்களுக்குக் கிரேப் தாளும் ஜரிகையும் சுற்றிக் கல்யாணக் கோலத்தில் நிறுத்துவார்கள். பட்டுக் கத்தரித்து நகை ஒட்டி விற்கும் இன்றைய அலங்கார ஜோடிகளைவிட, அவசரத்தில் ஒரு ரவிக்கைத் துண்டைச் சுற்றிய பழைய ஜோடியே எனக்கு மேல். எல்லாவற்றையும் கடைக்காரர் செய்து முடித்துவிட்டால் வீட்டுப் பெண்குழந்தைக்கு என்ன மிச்சம்?

கொச்சிக்கு வடக்கே சேந்தமங்கலத்தில் பிறந்த ஒரு பொம்மையையும் இங்கே சொல்லியாக வேண்டும், மரம் இல்லாவிட்டாலும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில், ஓணத்துக்கென்று நெய்து அடுக்கிய கைத்தறிப் புடவைகள் சேற்றில் மூழ்கிப்போயின. லட்சுமி மேனனும் கோபிநாத் பாறயிலும் அந்தத் துணியைக் கொதிநீரில் சுத்தம் செய்து, வெட்டி, சுருட்டி, நூலால் கட்டிச் சேக்குட்டி என்ற குட்டிப் பொம்மையாக்கும் வேலையைத் தொடங்கினார்கள். ஒரு புடவையிலிருந்து 360 பொம்மை வரை. அப்போது ஒன்று 25 ரூபாய்க்கு விற்றது. தன்னார்வலர்கள் ஊர் ஊராக உட்கார்ந்து செய்தார்கள். சேக்குட்டியின் நயம் எதையும் ஒளிக்காததில் இருக்கிறது. சேற்றுக் கறை எங்கே விழுந்திருந்ததோ அங்கேயே இருக்கும். வெட்டும்போது யாரும் அதை ஒதுக்குவதில்லை. ஆகவே ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. அதற்கும் இடுப்பு உண்டு: நூலைச் சுற்றி இறுக்கிய இடம்.

மரத்துக்குத் திரும்புவோம். கரண்டிப் பொம்மையில் எனக்கும் மற்றவர்களுக்கும் ஒரு சண்டை உண்டு. மரக்கரண்டியின் குழியில் முகம் வரைவதா, முதுகில் வரைவதா? பலர் குழியில் வரைவார்கள். தட்டு வட்டமாக இருப்பதால் வசதி. ஆனால் குழிக்குள் எப்போதும் நிழல் இருக்கும், முகம் முக்காட்டுக்குள் போய்விடும். பாட்டி செய்ய அது சரி. சிறுமி வேண்டுமானால் முதுகுதான். அங்கே மரம் புடைத்து நிற்பதால் ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கம் விழுந்து, வரையாத கன்னம் தானே எழும்பும். காம்பு நீளமாக இருக்கிறதே, கழுத்து கொக்குக் கழுத்தாகிவிடாதா என்றால், துணியை மேலே ஏற்றிக் கட்டினால் ஆயிற்று. அந்த நீளம் அடுப்புச் சூட்டுக்குப் பயந்து வந்த நீளம். புடவைக்குள் அது ஆள் உயரமாகிவிடும்.

சிரட்டைத் தவியில் கதை வேறு. தேங்காயின் கண்ணுள்ள பாதி ஒழுகிவிடும் என்பதால் தவிக்குப் பெரும்பாலும் கண்ணில்லாத பாதியைத்தான் எடுப்பார்கள். மூன்று கண்ணோடு, சில சமயம் மூக்கும் வாயுமாகவே தெரியும் மற்றப் பாதி அடுப்புக்கோ இஸ்திரிப் பெட்டிக்கோ கரியாகப் போகும். முகம் உள்ளதை எரித்துவிட்டு முகம் இல்லாததில் கண் வரைகிறோம். தென்னை நிறைந்த நாட்டில் இது ஒரு ஊதாரித்தனம்தான். யாராவது அந்தப் பாதியை எடுத்து, மூன்றாவது கண்ணை வாயாக்கி, சின்னத் தலைகள் செய்தால் பார்க்க ஆசை.

கடைசியாக ஒட்டுவதா, கட்டுவதா என்ற கேள்வி. கிளிப்புக்குப் பெவிகால் போட்டே ஆக வேண்டும், இரண்டு பட்டையைச் சேர்க்க வேறு வழியில்லை. மத்துக்கும் கரண்டிக்கும் கூடாது. துணியை மடித்து, இடுப்புக் கோட்டில் நூலை மூன்று சுற்று சுற்றி, சுருக்கு முடிச்சாகப் போட வேண்டும். கண்ணையும் மையால் வைக்காமல் கரித்துண்டால் வைத்துக்கொள்ளலாம். குக்கர் மூன்று விசில் விட்டுவிட்டால் பருப்பு யாருக்காகவும் காத்திருக்காது. முடிச்சின் நுனியை இழுத்துப் புடவையைக் குழந்தையின் கையில் கொடுத்துவிட்டு, மத்தை அலம்பி எடுத்துக்கொள்ளலாம். சாப்பாடு முடிந்து மத்து காய்ந்ததும் அவள் மறுபடி உடுத்திக்கொள்வாள், இந்த முறை அநேகமாக வேறு புடவையாக.